அந்தத் தாளில் யார் பெயரை எழுதுவது?

கடிதம் (சுருக்கப்பட்டது):

"படைப்புக்காக (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாள்) சென்னையிலிருந்து எல்லோரும் ஊருக்கு வந்திருந்தார்கள். அன்று மாலை ஏழு மணி வாக்கில் என் மகன் வீட்டுப் பேரன் (வயது 22) எங்கள் காரை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குக் கிளம்பினான். ஊருக்குப் பிரியும் விலக்கில், சைக்கிளில் வந்த ஒருவர் மேல் மோதிவிட்டான். அவர் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறையில் வேலை செய்பவர். வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். கூட்டம் கூடியதும் பேரன் பயந்துபோய்க் காரோடு வீட்டுக்கு வந்துவிட்டான். டீக்கடைக்காரர்தான் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். கார் நம்பரை யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கார் என் பெயரில் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஆவணி வரைக்கும் இருக்கிறது. பேரனுக்கு லைசென்ஸும் உண்டு. அன்று ஓட்டியவர் யார் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி ஸ்டேஷனில் கேட்கிறார்கள். பேரன் மேல்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டியவன். அதனால் 18 வருடமாக எங்கள் வீட்டில் இருக்கும் டிரைவரின் பெயரைக் கொடுத்துவிடலாம், அவரைக் கடைசிவரை நாம் பார்த்துக்கொள்வோம் என்கிறார் என் கொழுந்தனார். டிரைவரும் தலையாட்டிவிட்டார், லைசென்ஸைக்கூடக் கொழுந்தனாரிடம் கொடுத்துவிட்டார். 'சைக்கிளில் லைட் இல்லை, நடு ரோட்டில் வந்தான், தப்பு அவன் மேல்தான். 30,000 ரூபாய் கொடுத்து எழுதி வாங்கிவிட்டால் முடிந்தது' என்கிறார் கொழுந்தனார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் கையெழுத்துப் போடலாமா? மோதிவிட்டு வந்துவிட்டால் பத்து வருடம் ஜெயில் என்கிறார்களே, உண்மையா?"

(செட்டிநாட்டிலிருந்து ஓர் ஆச்சி. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

போடாதீர்கள். டிரைவர் பெயர் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசுவோம்.

ஸ்டேஷனில் கேட்டிருப்பதைச் சாதாரண விசாரணைத் தாள் என்று உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 133-ஆவது பிரிவு வண்டியின் சொந்தக்காரர் மேல் வைத்திருக்கும் கடமை அது. ஓட்டியவர் யார், எங்கே இருக்கிறார், என்ன லைசென்ஸ் வைத்திருக்கிறார் என்று போலீஸ் கேட்டால் சொல்லியாக வேண்டும். சொல்லாமலிருந்தால் அது ஒரு குற்றம். தெரிந்தே பொய் சொன்னால் வேறொரு குற்றம். அதற்கு மேலும், குற்றம் செய்தவரைத் தப்பவிடுவதற்காகப் பொய்த் தகவல் கொடுப்பதற்கென்று பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 238-ஆவது பிரிவு தனியாகவே இருக்கிறது. இந்த நிமிடம் வரை இந்த வழக்கில் உங்கள் பேரில் ஒரு குற்றமும் கிடையாது. நீங்கள் காரின் சொந்தக்காரர், அவ்வளவுதான். கொழுந்தனார் சொல்கிறபடி செய்தால் நீங்கள், அவர், டிரைவர் என்று மூன்று பேர் புதிதாகச் சிக்குவீர்கள். பேரன் அப்போதும் தப்பியிருக்க மாட்டார்.

ஆள் மாற்றிக் கொடுப்பதை நான் கோர்ட்டில் நிறையப் பார்த்துவிட்டேன். ஸ்டேஷன் அளவில் அது சுலபமாகத் தாண்டிவிடும்; பிறகுதான் வினை தொடங்கும். பெரிய தொகைக்கு இழப்பீட்டு மனு வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தன் ஆளை அனுப்பி விசாரிக்கும். அந்த ஆள் முதலில் போகிற இடம் டீக்கடை. அடுத்தது பெட்ரோல் பங்க் கேமரா. படைப்பு அன்று மாலை ஏழு மணிக்கு உங்கள் டிரைவர் எங்கே இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். வளவில் பந்திக்கு இலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார். வந்திருந்த பங்காளிகள் அத்தனை பேர் கையிலும் போன் இருந்திருக்கும். நேரம் பதிந்த படம் ஒன்றில் அவர் ஓரமாக நின்றால் போதும். இதற்கெல்லாம் முன்னால், அடிபட்டவருக்குக் கண் இருக்கிறது. மீசை நரைத்த டிரைவரையும் 22 வயதுப் பையனையும் அவர் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

டிரைவர் தலையாட்டிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். 18 வருடம் உங்கள் வீட்டு உப்பைத் தின்றவர். மாட்டேன் என்று சொல்லும் இடத்தில் அவர் நின்றிருந்தாரா என்பதை நீங்களே யோசியுங்கள். உங்கள் பேரனுக்கு லைசென்ஸ் என்பது பர்ஸில் கிடக்கிற ஓர் அட்டை. டிரைவருக்கு அதுதான் சோறு. எலும்பு முறிந்த விபத்தில் தண்டனை பெற்ற ஓட்டுநரின் லைசென்ஸை முடக்கி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தத் தண்டனையோடு அவர் நாளைக்கு ஒரு பள்ளி வேனுக்கோ கம்பெனி வண்டிக்கோ வேலை கேட்டுப் போக முடியுமா? "கடைசிவரை பார்த்துக்கொள்வோம்" என்ற சொல்லை இரண்டு வருடம் கழித்து என் அலுவலகத்தில் அழுதுகொண்டே திருப்பிச் சொன்னவர்கள் உண்டு.

இனி, உங்கள் வீட்டில் யாரும் யோசிக்காத ஒன்று. பேரனுக்கு லைசென்ஸ் இருக்கிறது, பாலிசியும் நடப்பில் இருக்கிறது. அப்படியானால் உண்மையைச் சொல்வதால் பணத்தில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு இதற்காகத்தான் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. காயம்பட்டவருக்குத் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டைக் கம்பெனி கட்டும். பொய்ப் பெயர் கொடுத்து அது வெளியே வந்தால், பணம் தர மறுப்பதற்கும், தந்ததை உங்களிடம் வசூலிக்கக் கேட்பதற்கும் கம்பெனிக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்தவர்கள் ஆவீர்கள். ஆவணி வரை பாலிசி இருப்பது உங்கள் அதிர்ஷ்டம் என்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் வருடத்துக்குப் பத்து மாதம் கார் உறை போட்டு நிற்கிறது. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ பேட்டரியைச் சார்ஜ் செய்து நேராக ரோட்டில் இறக்குகிறார்கள். இன்சூரன்ஸ் எப்போது முடிந்தது, டயர் எத்தனை வருடத்துப் பழசு, பிரேக் பிடிக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பாலிசி காலாவதியான காராக இருந்திருந்தால் இந்தப் பதிலின் தொனியே வேறாக இருந்திருக்கும். இழப்பீடு முழுவதையும் நீங்கள் சொத்தை விற்றுக் கட்ட வேண்டி வந்திருக்கும்.

பத்து வருட ஜெயில் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உயிர்ப்பலி ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடிப்போனவர்களுக்கென எழுதப்பட்டது நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் போராடியதால், அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். உங்கள் பேரன் விஷயத்தில் உயிர்ச்சேதம் இல்லாததால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவர் மேல் வரக்கூடியவை 281-உம் 125-உம்: பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டியது, அதனால் கொடுங்காயம் விளைவித்தது. எலும்பு முறிந்தால் சட்டத்தின் கண்ணில் அது கொடுங்காயம். அதற்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள்.

மோதிய இடத்தில் நிற்காமல் பேரன் வந்துவிட்டது தனிக் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி, மோதிய ஓட்டுநர்தான் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்ய வேண்டும். கூட்டத்தின் கோபத்துக்குப் பயந்து அதைச் செய்ய முடியாமல் போகலாம் என்பதைச் சட்டமே எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறது. 22 வயதுப் பையன், சுற்றிலும் இருட்டு, ஓடி வருகிற ஆட்கள்: அவர் பயத்தை நானும் நம்புகிறேன். ஆனால் அந்தச் சட்டம் காரை வீட்டுக்கு ஓட்டச் சொல்லவில்லை. அருகிலிருக்கும் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்கிறது. எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கச் சொல்கிறது. அந்த மாலை அவர் செய்யாததை டீக்கடைக்காரர் செய்திருக்கிறார். (அவருக்கு 134ஏ பிரிவில் பாதுகாப்பு உண்டு, பெயர் கொடுக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இதைப் படிக்கிற மற்ற டீக்கடைக்காரர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.)

வெளிநாட்டுப் படிப்புப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கு இருக்கிறது என்பதாலேயே வாசல் அடைபட்டுவிடாது. பாஸ்போர்ட்டில் சிக்கல் வந்தால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வழி இருக்கிறது. விசாப் படிவத்தில் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். சாலை விபத்து வழக்கை விளக்கிச் சொல்லிவிடலாம். ஆள் மாற்றிப் பொய் சொன்ன வழக்கை எந்த நாட்டுத் தூதரகத்தில் எப்படி விளக்குவீர்கள்?

"லைட் இல்லை, நடு ரோட்டில் வந்தான்" என்ற பேச்சுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். கொழுந்தனார் மட்டுமா இதைச் சொல்கிறார்? காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் நாம் எல்லோரும் சொல்கிறோம்.

ஒருநாள் காரை நிறுத்திவிட்டு நம் பக்கத்துச் சாலை ஓரத்தில் நடந்து பாருங்கள். தார் முடிகிற இடத்தில் பள்ளம். அதை ஒட்டிச் செம்மண் சரளை. அதற்கு அப்பால் சீமைக்கருவேல். அந்த முள் ஒன்று ஏறினால் டயரும் டியூபும் சேர்ந்து போய்விடும். இரவு ஏழு மணிக்குப் பஞ்சர் ஒட்ட ஆள் தேட வேண்டும். கல்யாண நாளிலும் படைப்பு நாளிலும் இருக்கிற கொஞ்சம் ஓரத்தையும் வெளியூர்க் கார்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். சைக்கிள்காரர் இரண்டடி உள்ளே தள்ளி வருவதைத் திமிர் என்று காருக்குள் இருப்பவர் நினைக்கிறார். அவருக்கு ஓட்டக் கிடைத்த இடமே அதுதான்.

சட்டத்துக்கும் இது தெரியும். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள், நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் விஷயத்தில் ஓட்டுநர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று சொல்கின்றன. சைக்கிளுக்கு லைசென்ஸும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது என்று கேலி பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: கொல்லும் எடை எந்த வண்டியில் இருக்கிறதோ அதற்குத்தான் காப்பீடு கேட்கிறார்கள்.

சரி, லைட் இல்லாதது தப்பா? தப்புத்தான். நான் அடிபட்டவரின் வழக்கறிஞராக இருந்தாலும் அதை மறைக்க மாட்டேன். பங்களிப்புக் கவனக்குறைவு என்று நாங்கள் சொல்வது அதைத்தான். விபத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று நிரூபணமானால், அந்தப் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டுத் தொகை குறையும். ஆனால் குறையுமே தவிர, உங்கள் பேரனின் பங்கு அதனால் அழிந்துவிடாது. நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் இப்படிப்பட்ட வழக்குகளில் டிரைவரைக் கூண்டில் ஏற்றி ஒரே கேள்விதான் கேட்பார்: "அந்த இடத்தில் ஒரு பட்ட மரம் விழுந்து கிடந்திருந்தால் மோதியிருப்பீர்களா?" ஆம் என்றாலும் மாட்டினார், இல்லை என்றாலும் மாட்டினார்.

பேரன் ஒருவேளை, எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசியது, அதனால் தெரியவில்லை என்று சொல்வார். எல்லோரும் சொல்வார்கள். நல்ல சமாதானம் என்று நினைத்துக்கொண்டு சொல்கிற இந்த வாக்கியம்தான் கோர்ட்டில் காலை வாரிவிடும். கண் தெரியாத நொடியில் கால் எந்தப் பெடலில் இருந்தது என்பது அடுத்த கேள்வி. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுகிறது. மூளைக்கு எட்டிக் கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு நொடி ஆகும். பிரேக் பிடித்த பின்னும் கார் உடனே நிற்காது. 30-இல் போனால் அந்த நொடியில் ஓடும் தூரம் பாதி; மோதினாலும் மோதலின் சக்தி நாலில் ஒரு பங்கு. ஊர் விலக்கில் வேகத்தைக் குறைக்கச் சொல்வதன் கணக்கு இவ்வளவுதான்.

சைக்கிள்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. நான்கு வழிச் சாலையில் திரும்பும் இடம் தொலைவில் இருக்கிறது என்று எதிர்த்திசையில் வருகிறார்கள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பிள்ளைகள் நான்கு பேர் வரிசையாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். சந்திலிருந்து திரும்பிப் பார்க்காமல் மெயின் ரோட்டில் ஏறுகிறார்கள். பின் மட்கார்டில் ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர் என்ன விலை இருந்துவிடும்? பட்டறை முதலாளிகள் தீபாவளிக்கு இனிப்போடு சேர்த்து அதை வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

ஆனாலும் நம்மால் மெதுவாக ஓட்ட முடியாது என்பது பொய். தை மாதத்தில் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடக்கிறார்களே, அந்த நாட்களில் இதே சாலையில் இதே கார்கள் எப்படிப் போகின்றன என்று பார்த்திருப்பீர்கள். ஹாரன் அடிப்பதில்லை. யாரும் "நடு ரோட்டில் ஏன் நடக்கிறாய்" என்று கேட்பதில்லை. சிலர் ஜன்னலை இறக்கிக் கும்பிட்டுவிட்டுக்கூடப் போகிறார்கள். நடந்து போகிறவர் நம் பங்காளியாக இருக்கலாம் என்ற நினைப்பு ஆக்சிலரேட்டர் மேலிருந்து காலை எடுக்க வைக்கிறது.

அந்த 30,000 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். வேகமாக ஓட்டிய குற்றம் அரசு நடத்துகிற வழக்கு; காயம்பட்டவர் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பதால் அது மறைந்துவிடாது. பணக் கணக்கிலும் அது நியாயமில்லை. கல் பட்டறை வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்ட் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, பிறகு தூக்கி அடுக்க வேண்டும். உட்கார்ந்து எழுந்து நாள் முழுவதும் கால் உழைக்கிற வேலை. டாக்டர் சான்றிதழில் ஊனம் 20 சதவீதம் என்று எழுதலாம். ஆனால் அந்தக் காலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் தன் தொழிலைச் செய்ய முடியுமா, வருமானத்தில் எவ்வளவு போகும் என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மேசை வேலைக்காரருக்கு 20 என்பது கல் பட்டறைக்காரருக்கு 60 ஆகலாம். அவர் கேட்கக்கூடிய தொகைக்கு முன்னால் உங்கள் கொழுந்தனாரின் 30,000 நிற்காது. அந்த இழப்பீட்டைக் கொடுக்கப் போவதும் நீங்கள் இல்லை, கம்பெனி. பிறகு எதற்கு அவர் கையெழுத்து?

முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் நடந்திருக்கக்கூடும். அதற்கு அப்புறம் மருந்து, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, பஸ் செலவு, நின்றுபோன கூலி. இவற்றுக்கு நீங்கள் பணம் கொடுக்க விரும்பினால் கொடுங்கள். எதையும் எழுதி வாங்காமல் கொடுங்கள். யாரிடமாவது கொடுத்தனுப்பாமல் நீங்களே போய், அவர் மனைவி கையில் கொடுங்கள். கோபமாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, காரை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பாதீர்கள். உடைந்த முகப்பு விளக்கை மாற்ற வேண்டாம், கழுவவும் வேண்டாம். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக்கையும் மோதிய இடத்தையும் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு முன் தொட்டால் சாட்சியத்தை அழித்ததாகிவிடும். பேரன் ஒரு வழக்கறிஞரோடு ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் ஓட்டினேன் என்று சொல்லட்டும். தாமதமாகப் போவதற்குக் கேள்வி வரும், பதில் சொல்லட்டும். நீங்கள் 133-க்கான பதிலில் அவர் பெயரை எழுதிக் கையெழுத்திடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். அதுவும் 134-ஆவது பிரிவில் வருகிற கடமைதான்.

ஆர்.சி. புத்தகம், பாலிசி, பேரனின் லைசென்ஸ் மூன்றின் நகலையும் அடிபட்டவர் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் எம்.சி.ஓ.பி. மனு, அதாவது தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனு, போட வேண்டும். அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டத்தில் கெடு வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் விசிட்டிங் கார்டோடு சுற்றும் ஆட்களிடம் சிக்காமல், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். மனுவில் எதிர்மனுதாரராக உங்கள் பெயர் வரும். சம்மன் வீட்டுக்கு வரும். ஊரில் நாலு பேர் பார்ப்பார்கள். அது அவமானம் இல்லை; கம்பெனியைப் பணம் கட்ட வைக்க உங்கள் பெயரும் அங்கே இருந்தாக வேண்டும்.

கொழுந்தனார் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றால் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். என்னிடம் சண்டை போட வேண்டும் என்றால் வரட்டும், காபி கொடுக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், அவர் சட்டைப் பையில் இருக்கிற டிரைவரின் லைசென்ஸை இன்று ராத்திரிக்குள் வாங்கி டிரைவர் கையில் கொடுத்துவிடுங்கள். காலையில் அவருக்கு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.